பாடகரை மட்டும் நீக்கினால்

ஹைதராபாத்துக்கு வந்த இடத்தில், லோத்குண்டாவில் தோழியின் அத்தை வீட்டில் முன்னும் பின்னும் சாய்ந்தாடும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அவர் கணவர் இறந்துவிட்டார். அலமாரியில் அவர் சேர்த்த இசைத்தட்டுகள், எல்லாம் ஒரே அமெரிக்க கன்ட்ரி பாடகருடையவை. மேலடுக்கில் நான்கு ஆல்பம், பாடகர் உயிரோடிருந்தபோது வந்தவை. கீழே இரண்டு அடுக்கு நிறைய, இறந்தபின் வந்தவை. மிச்சமிருந்த குரல் பதிவுகளுக்குப் புது கிட்டார் சேர்த்து, கம்பெனி வருடக்கணக்கில் வெளியிட்டிருக்கிறது.

"செத்தும் அவனுக்கு லீவு கெடைக்கல," என்று ஆன்ட்டி ஒரு கேசட்டை நீட்டியபடி சிரிக்கிறார். "எங்க வீட்டுக்காரரும் தட்டு ஓடறப்ப விடாம கூடவே பாடுவாரு. அப்படிப் பாடினதப் பதிஞ்ச இந்தக் கேசட்ல மட்டும்தான் இவர் குரல் இருக்கு. அந்த வெள்ளைக்காரன் நக்கோம்மா, வேணாம், இவர மட்டும் எடுத்துக் குடு."

ஒலியைப் பிரிக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை. கேசட்டை மடிக்கணினியில் ஏற்றிப் பாடகரை நீக்குகிறேன். கணவரின் குரலும் சேர்ந்து போய்விடுகிறது. அவ்வளவு ஒட்டிப் பாடியிருக்கிறார். மிஞ்சியதை ஓடவிடுகிறேன். கிட்டார், அதன் தாளத்துக்கு ஒரு கிறீச்சொலி.

"சாரி ஆன்ட்டி, அங்கிள் குரல் வரல."

"ஹவ், ஆமா, ஆனா இவர் இருக்காரே!" அவர் முகம் மலர்கிறது. "ஆடிக்கிட்டேதான் பாடுவாரு. நீ உக்காந்திருக்கியே, அதுலதான்."

பாட்டை நிறுத்துகிறேன். கிறீச்சொலி இன்னும் இரண்டு முறை கேட்கிறது. நான் அசையவே இல்லை.