அக்காவுக்கு நான் வைத்த பீட்ரூட் பச்சடி

நீடாமங்கலத்தில் பந்திப் பாத்திரம் கழுவத் தொடங்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இன்று தஞ்சாவூரில் சொந்த வீடு, பாத்திரம் ஏற்றச் சொந்த வேன், ஒரே முகூர்த்தத்தில் மூன்று மண்டபத்தில் அடுப்பு எரிய வைக்கும் அளவுக்கு ஆட்கள். இவனுக்கு ரசம் வைக்கத் தெரியுமா என்று சிரித்தவர்கள் வீட்டுக் கல்யாணத்திலேயே சமைத்துக் காட்டினேன். கல்யாண இலையில் பீட்ரூட்டா என்று முகம் சுளித்த ஊர்களில் அதை இரண்டாம் முறை கேட்டு வாங்க வைத்தவனும் நான்தான். யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை.

அக்காவின் நினைவு மலரில் இவன் தன் பெருமையைப் பேசுகிறானே என்பீர்கள். யாரும் தூக்கிவிடவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது தப்பு. அக்கா தூக்கிவிட்டார். கல்யாணச் சீராக வந்த பெரிய அண்டாவை எடுத்து என் தலையில் வைத்து, "போய்த் தனியா அடுப்பு போடுடா" என்றார். அந்த அண்டாவில்தான் என் தொழில் கொதிக்க ஆரம்பித்தது.

அக்கா பிறந்தது பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்பு நடுவே. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் எனக்குச் சோறு ஊட்டியது அக்காதான். நீடாமங்கலத்தில் வாக்கப்பட்டபோது என்னையும் கூடவே கூட்டிப் போனார். அத்தான் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தான் தவறியபோது மகன் கைக்குழந்தை. அதன்பின் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயலிலேயே நின்று அவனைப் படிக்க வைத்து ஆசிரியராக்கினார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். தனக்கென்று எதையும் கேட்க மாட்டார். உடம்பு முடியவில்லை என்று சொல்லவும் கூச்சப்படுவார். அந்தக் குணத்தையாவது நான் மனதில் வைத்திருக்க வேண்டும்.

வயதான பிறகு அக்காவுக்கு நடந்தாலே மூச்சு வாங்கியது. ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையோடு நானும் பீட்ரூட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். முதல் நாள் வாயில் வைத்ததுமே அக்கா இலையில் ஒதுக்கிவிட்டார்.

"நாள் பூரா சேத்துல நின்னவ நானு. திங்கிறதுலயும் மண் வாடையா தம்பி?"

எனக்கு ரோஷம் வந்தது. அந்த மண்வாடையைப் போக்கினேன். காம்பை ஒட்ட நறுக்காமல் கொஞ்சம் விட்டு, தோலோடு முழுதாக வேகவைக்க வேண்டும். நறுக்கிப் போட்டால் சாயமும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். வெந்ததும் தோல் தானே வழுக்கிக்கொண்டு வரும். துருவி, தேங்காயும் பச்சைமிளகாயும் துளிக் கடுகும் அரைத்துக் கெட்டித்தயிரில் கலந்து, தேங்காய் எண்ணெயில் தாளிக்க வேண்டும். பொரியல் என்றால் மலரவெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியலாம். பீட்ரூட் இலையைத் தூக்கி எறியாதீர்கள். பருப்போடு கடைந்தால் அருமையான கீரை. அந்தப் பச்சடியை அக்கா கிண்ணத்தோடு வழித்துச் சாப்பிட்டார். தேங்காய் நம்ம ஊர்த் தேங்காய், அதனால்தான் ருசி என்றார். என் கையைப் புகழ மாட்டார்.

சிவப்பாக இருப்பதால் ரத்தமாக ஊறும் என்றுதான் நானும் நம்பினேன். அப்படியில்லையாம். ரத்தம் உண்டாக உதவும் சத்து அதில் உண்டு. ஆனால் அதை மட்டும் நம்பி மாத்திரையை விடக்கூடாது. ரத்தக் கொதிப்பைக் கொஞ்சம் தணிக்கும், மலச்சிக்கலுக்கு நல்லது. சிறுநீரகக் கல், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பிற்பாடு.

பச்சடி பழகிய புதிதில் ஒருநாள் அக்காவுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. பயந்து போய்த் தன் மருமகளிடம் சொல்ல, தஞ்சாவூருக்குக் காரில் கூட்டி வந்தோம். டாக்டர் அம்மா எல்லாம் பரிசோதித்துவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். ரத்தம் குறைந்தவர்களுக்கு பீட்ரூட் சாயம் அப்படி இறங்குவது உண்டு, பயப்பட வேண்டாம் என்றார். காரில் திரும்பும்போது அக்காவும் சிரித்தார். நான் அதை எல்லா மண்டபத்து அடுப்படியிலும் கதையாகச் சொன்னேன். டாக்டருக்குப் படித்தவனைப்போல ஆகிவிட்டேன்.

அடுத்த வருஷம் தை மாதம். வளைகாப்புச் சமையலில் நிற்கிறேன், அக்கா போன் செய்தார்.

"தம்பி, மறுபடி செவப்பா போவுதுடா."

"பீட்ரூட்தான்க்கா. வேற என்ன?"

"நேத்து சாப்புடலயே."

"முந்தாநாள் சாப்ட்டிருப்ப. அன்னிக்கு டாக்டரே சிரிச்சாங்கல்ல? போயி வேலயப் பாருக்கா."

அக்கா போனை வைத்துவிட்டார். மருமகள் கேட்டபோதும், மகன் கேட்டபோதும், "மாமா சொல்லிட்டான், பீட்ரூட்தானாம்" என்றே சொல்லியிருக்கிறார். என் வாய்ச்சொல் அவருக்கு டாக்டர் சீட்டு. வைகாசி முகூர்த்தமெல்லாம் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது முகம் வெளுத்து, கால் வீங்கிக் கிடந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்தால், சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டி. முன்னாடியே வந்திருந்தால் என்று டாக்டரிடம் இழுத்தேன். அவர் ரிப்போர்ட்டின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் தயிர்சாதம் கொண்டுபோனேன். ஒருநாள் அக்கா தூக்குவாளியை எட்டிப் பார்த்தார்.

"பச்சடி எங்கடா?"

"அந்தக் காயத் தொடவே புடிக்கலக்கா."

"காய் என்னடா பண்ணுச்சு? நல்லா வைடா. ஊருக்கெல்லாம் போடு. சாப்புடாத அன்னிக்கும் செவப்பா போனா ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லிப் போடு."

அவ்வளவுதான் சொன்னார். என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

அக்காவின் முதலாண்டுத் திதியான இன்று, அந்தப் பழைய அண்டாவில் வேகவைத்த பச்சடி உங்கள் இலைக்கு வரும். ஒதுக்காமல் சாப்பிடுங்கள். நாளைக்குச் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். அதற்கு அப்புறமும் போனால், அல்லது சாப்பிடாமலே போனால், என்னைப் போன்றவனைக் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கூச்சம் பார்க்காமல் கழுவித் துடைத்த மருமகளுக்கும், விடுப்புப் போட்டு உடன் இருந்த மகனுக்கும், கைபிடித்துப் பேசிய நர்ஸ் அம்மாக்களுக்கும், தேங்காயும் இலையும் அனுப்பிய பேராவூரணிச் சொந்தங்களுக்கும் கைகூப்புகிறேன்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில், நன்றிக்குரியவர்களில் முதலாவதாக, "தாயாக நின்று தாங்கிய தாய்மாமா" என்று என் பெயரைப் போட்டிருக்கிறான் அக்கா மகன். அதை எடுக்க வேண்டாம். நான் தாங்கினேன், அது என் பங்கு, விட்டுத்தர மாட்டேன். அதற்குக் கீழேயே, அதே பெரிய எழுத்தில், "பீட்ரூட்தான் என்று சொன்னவரும் இவரே" என்றும் போடு என்றேன். அம்மாவே ஒன்றும் சொல்லவில்லை, அதெல்லாம் எதற்கு மாமா என்கிறான். உங்கள் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்: அதுவும் என் பங்குதான். போட்டே ஆக வேண்டும்.