வெள்ளைக் கட்டிகளில் ஜன்னல்

கட்டட மாதிரி செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டப்போகிற கட்டடத்தை மட்டும் மரச்சட்டம், கண்ணாடித் தகடு, செப்புக் கம்பி எல்லாம் வைத்து நுணுக்கமாகச் செய்வார்கள். அதைச் சுற்றி ஏற்கெனவே இருக்கும் வீடுகளையும் கடைகளையும் வெள்ளைத் தெர்மாகோலில் வெறும் கட்டிகளாக வெட்டி ஒட்டிவிடுவார்கள். கதவு இருக்காது, ஜன்னல் இருக்காது. பார்க்க வருகிறவரின் கண் புதுக் கட்டடத்தை விட்டு நகரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

காத்தம்மா இப்போதெல்லாம் அந்தக் கட்டிகளுக்கும் ஜன்னல் வெட்டுகிறார். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கிக்கொண்டு, சின்னக் கத்தியால், ஒவ்வொன்றாக. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது வேடிக்கை.

"மேடம், கொடியில காயற துணிக்கு கலர் என்ன அடிக்கலாம்?"

"நீ முதல்ல படிக்கட்டை ஒழுங்கா போடு. போன தடவை நீ போட்டதுல ஆடு மட்டும்தான் ஏறும்" என்பார் அவர், தலை நிமிராமல்.

காத்தம்மா என்பது அலுவலகம் வைத்த பெயர். யார் எந்த வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, காற்று எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான். ஏசி இல்லாமல் ஒரு கட்டடத்தைக் குளிர்விக்கத் தெரிந்தவர் என்று தொழிலில் அவருக்குப் பெயர் இருந்தது.

அவர் பிறந்தது கடற்கரைக்குப் பின்னால் உள்ள ஒரு தெருவில், சலவைக்கடை வைத்திருந்த வீட்டில். கீழே துவைப்பு, மாடியில் கொடிகள். பக்கத்து விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மொத்தமும் அங்கேதான் காயும். தெருக்கோடியில் தாழ்வான சரக்குக் கிடங்குகள். அவற்றுக்கு மேலாகத் தாண்டி வரும் கடற்காற்று நேரே அந்த மாடியில் வந்து இறங்கும். காற்றைப் பற்றி அவர் கற்ற முதல் பாடம் அந்த மாடியில்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. மாடியில் அவர் காற்றைக் கவனித்ததே கிடையாது. கிளிப் மாட்டும் வேலையை அக்கா தலையில் எப்படிக் கட்டுவது என்பதைத்தான் கவனித்தார். காற்றைக் கற்றது கல்லூரியில், புகை விட்டுப் பார்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று. அவர் படிக்கப் போனார். அக்கா கல்யாணமாகி, கணவரோடு அதே வீட்டில் அதே கடையை எடுத்து நடத்தினார்.

கிடங்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய மாநாட்டு மையம் கட்டும் வேலை அவர் அலுவலகத்துக்கு வந்தபோது காத்தம்மாவுக்கு நாற்பது கடந்திருந்தது. ஆயிரக்கணக்கானோர் உட்காரும் கூடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இந்தக் கூடம் தின்னக்கூடாது என்று அவர் பிடிவாதமாக இருந்தார். கிடங்குகளை இடித்த செங்கல்லே புதுச் சுவருக்குப் போனது. கூரையில் விழும் மழைநீர் தரைக்கடியில் இருந்த தொட்டிகளுக்குப் போனது. கடல் ஏறி வந்தாலும் நனையாதபடி தரையை உயர்த்தினார்கள். இதையெல்லாம் வேறு யாரும் செய்திருக்கலாம். காற்று மட்டும் அவருடையது. கடல் பக்கத்துச் சுவர் முழுக்கச் சாய்வான பலகைகள். அவற்றின் வழியே காற்று தாழ்வாக நுழையும், கூட்டத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே ஏறும், கூரை உச்சியில் வரிசையாக இருக்கும் வாய்கள் வழியே வெளியேறும். அந்த வாய்களுக்கு மோட்டாரும் கிடையாது, மூடியும் கிடையாது. மழை உள்ளே வராதபடி ஒரு வளைவு மட்டும் உண்டு.

"மூடியே இல்லேன்னா, மூடி எப்படி ரிப்பேர் ஆகும்?" என்று கூட்டங்களில் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

முதல் வரைபடத்தில் இரண்டு கூடங்கள் இருந்தன. நடுவில் அகலமான திறந்த நடைபாதை. அது அக்காவின் தெருவுக்கு நேராக அமைந்திருந்தது; யாரும் திட்டமிட்டதில்லை, தானாக அப்படி விழுந்தது. பிறகு, கட்டச் சொன்னவர்கள் ஒரே பெரிய கூடமாக வேண்டும் என்றார்கள். நடைபாதையை மூடிவிட்டால் கூடத்தின் நடுவில் காற்று தேங்கும். அலுவலகத்துப் பெரியவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். காத்தம்மாதான் வழி சொன்னார். நடைபாதை இருந்த இடத்துக்கு மேலே கூரையை இன்னும் உயர்த்தினால் இழுவை கூடும் என்றார். கூடியது. கம்ப்யூட்டரில் நீல அம்புகள் முன்னைவிட அழகாக வளைந்து ஏறின.

"காத்துக்கே வழி சொல்றியேம்மா" என்றார் பெரியவர். அவர் லேசில் வாய் திறக்காத மனிதர். காத்தம்மா அந்த வார்த்தையை வெகுநாள் மனதில் வைத்திருந்தார்.

மாதிரியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த அன்று அக்காவும் மாமாவும் வந்தார்கள். இருவரும் நல்ல உடை உடுத்தி, யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவர்கள் போல ஓரமாக நின்றார்கள். பிறகு அக்கா, மாதிரி இருந்த கண்ணாடிப் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எல்லாம் சரிடி. நம்ம வீடு எங்க?"

காத்தம்மா ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டினார். அவரே வெட்டி ஒட்டியதுதான்.

"இதா? கதவைக் காணோம். நான் எப்படி உள்ள போறது, கூரையைப் பிச்சுக்கிட்டா?"

"உன்னை வெளியவே விடக்கூடாதுன்னு என்கிட்ட கேட்டுக்கிட்டுதான் செஞ்சிருக்கா" என்றார் மாமா.

"கொடி கூட இல்லை. கஞ்சப் பிசினாறி. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அத்தனை கம்பி வளைச்சிருக்கா, எனக்கு ஒரு நூல் கட்டக் கை வரலை பாருங்க."

மூவரும் சிரித்தார்கள். காத்தம்மாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எப்படிச் சிரித்தோம் என்றுதான் இப்போது அவருக்கு விளங்கவில்லை.

மையம் திறக்கப்பட்டது. பசுமைக் கட்டடம் என்ற சான்றிதழும் வந்தது. கோடையில்கூடக் கூடத்தில் உட்கார முடிந்தது; அது பொய்யில்லை. ஆனால் அந்த வருடம் அக்கா வீட்டில் ஒரு பகல் கண்ணயர்ந்தபோது, தலையணை உறையில் பூஞ்சை வாடை அடிப்பதைக் காத்தம்மா கவனித்தார். சலவைக்காரர் வீட்டில் இதுவா என்று கேட்டார். அக்கா சமையலறைக்குள் போனார். மாமாதான் சொன்னார்.

"காத்து நின்னு போச்சும்மா. அந்தக் கட்டடம் எழும்பினதிலேர்ந்து மாடில ஒரு இலை அசையலை. காலைல போட்ட விரிப்பு சாயந்தரம் தொட்டா ஜில்லுனு இருக்கு. வாடை வருதுன்னு விடுதிக்காரங்க திருப்பி அனுப்பறாங்க. இந்த மாசத்தோட வேற கடை பாத்துக்கறோம்னுட்டாங்க. கரண்டுல உலர்த்தற மெஷின் வாங்கலாம்னா உங்கக்கா பிடிவாதமா வேணாங்கறா."

"எதுக்கு அவகிட்ட சொல்றீங்க?" உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "அவ என்ன பண்ணுவா, வாயால ஊதுவாளா?"

"மெஷின் ஏன்க்கா வேணாங்கற?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்தார். "முன்னறையிலதான் அதை வைக்க இடம் இருக்கு. சூடு வெளிய போக ஒரு குழாய் வேணுமாம். ஜன்னலை அடைச்சுத்தான் அதை விடணுமாம். நாள் பூரா அந்த அறையில நான் வேகணும். நீ செஞ்ச பொம்மை வீடு மாதிரியே ஆயிடும், போ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தங்கை முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

காத்தம்மா அலுவலகம் போய்ப் பழைய கணக்குகளைத் திறந்து பார்த்தார். நீல அம்புகள் கடலிலிருந்து கிளம்பி, கூடத்துக்குள் வளைந்து, கூரைக்கு மேல் மறைந்தன. மதில் சுவருக்கு அப்பால் எந்த அம்பும் இல்லை. அங்கே காற்று நின்றுவிட்டது என்பதால் அல்ல; அதற்கு அப்பால் யாரும் கணக்குப் போடவில்லை. வேலை மதிலோடு முடிகிறது என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். ஆனால் அந்த மாடி அவருக்குத் தெரியும். காற்றும் தெரியும். இரண்டையும் ஒருமுறையாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு நல்ல பெயரும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு வழி தோன்றியது. சரக்கு லாரிகள் உள்ளே வரும் பெரிய இரும்புக் கதவு, பழைய நடைபாதை இருந்த இடத்தில், தெருவுக்கு நேராக இருந்தது. நிகழ்ச்சி இல்லாத நாட்களில் கடல் பக்கப் பலகைகளையும் இந்தக் கதவையும் சேர்த்துத் திறந்துவைத்தால், காற்று கூடத்தைக் கடந்து தெருவுக்கு வரலாம். மையத்தின் மேற்பார்வையாளரிடம் போய்க் கேட்டார்.

"நீங்க கட்டின கட்டடம், நீங்க திறக்கச் சொல்றீங்க. வேணாங்கறதுக்கு நான் யாரு மேடம்?" என்றார் அவர். "ஆனா புறா உள்ள வந்தா நீங்கதான் பிடிக்கணும்."

நிகழ்ச்சி இல்லாத ஒரு நாள் காலை, கூடம் காலியாக இருந்தது. காத்தம்மா பலகைகளை முழுக்கத் திறக்கச் சொல்லிவிட்டு, கடல் பக்கத்திலிருந்து கதவு வரை நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் மெல்லிய நாடா கட்டினார். பிறகு அக்காவுக்குப் போன் செய்தார்.

"மாடிக்குப் போயிட்டியாக்கா?"

"போயிட்டேன்டி, மூச்சு வாங்குது. உங்க மாமா கீழேர்ந்து, என்ன, கப்பல் எதுவும் வருதான்னு கேக்கறார்."

"விரிப்பெல்லாம் போட்டிருக்கியா?"

"ஒரு கொடி பாக்கி இல்லை. திற."

மேற்பார்வையாளர் கதவைத் தள்ளினார். கடல் பக்கத்திலிருந்து காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. முதல் நாற்காலிகளின் நாடாக்கள் தெருவை நோக்கிப் படுத்துப் பறந்தன. கூடத்தின் நடுவில் அவை தலை தூக்கின. அதற்கு அடுத்தவை நேரே கூரையைப் பார்த்து நின்றன. கதவுக்குப் பக்கத்தில் இருந்தவை அசையாமல் தொங்கின.

காத்தம்மா தலையை உயர்த்தி உச்சியில் இருந்த வாய்களைப் பார்த்தார். எல்லாம் திறந்திருந்தன. எப்போதும் திறந்தே இருக்கும்படிதான் அவர் செய்திருந்தார். காற்று அவர் சொன்ன வழியில் போய்க்கொண்டிருந்தது.

"அதுகளை மட்டும் அடைக்க முடியாதா மேடம்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"அடைக்கலாம். அடைச்சா கூடம் கொதிக்கும். ஒவ்வொரு தடவையும் மேல ஏறி அடைச்சுத் திறக்க, அங்க மூடியும் இல்லை, ஏற வழியும் இல்லை."

கதவை ஒட்டி இரும்புப் படிக்கட்டு ஒன்று கதவின் உயரம் வரை போனது. அதில் பாதி ஏறினால் தெரு முழுக்கத் தெரியும். அவர் ஏறி நின்று பார்த்தார். நேரே அக்காவின் மாடி. கொடிகளில் வெள்ளை விரிப்புகள் வரிசை வரிசையாக, சுவரைப் போல நின்றன.

"என்னக்கா, ஆடுதா?"

போனில் அக்கா நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ம்... ஆடுதுடி. நல்லாவே ஆடுது."

காத்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் ஒரே ஒரு விரிப்பு ஆடியது. மேலும் கீழுமாக, கொஞ்சம் அவசரமாக. அதன் இரண்டு பக்கத்திலும் இருந்த விரிப்புகள் துளி அசையவில்லை. ஆடுகிற விரிப்புக்குப் பின்னால், துணியின் ஓரத்தைப் பிடித்து உதறிக்கொண்டிருக்கும் ஒரு கை நிழலாகத் தெரிந்தது.

"அங்கேர்ந்து உனக்குத் தெரியுதா? பாரு, ஆடுதுல்ல?" என்றார் அக்கா. குரலில் மூச்சிரைப்பு இருந்தது.

"தெரியுதுக்கா. ஆடுது."

"அப்ப சரி. கதவைச் சாத்திட்டு வா, சாப்பிடலாம்."

"வரேன்." காத்தம்மா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, மாமாவை அந்த மெஷினை வாங்கிடச் சொல்லு."

ஆடிக்கொண்டிருந்த விரிப்பு மெல்ல நின்றது.