கூட வந்தவர்களின் பஸ்

பெரிய மாநாடுகளில் கூட வருகிறவர்களுக்கென்று தனியாக ஒரு பஸ் உண்டு. டாக்டர்கள் ஏசி அரங்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு வந்த மனைவிமார், ஒன்றிரண்டு கணவன்மார், எப்போதாவது ஒரு மாமியார், இவர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டி, சாயங்காலம் அலுங்காமல் குலுங்காமல் ஹோட்டலில் கொண்டுவந்து இறக்க வேண்டும். திருச்சியில் அந்த வேலையை இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிறேன். முதல் நாள் மலைக்கோட்டை, ஒரு புடவைக் கடை, ஸ்ரீரங்கம். மறுநாள் திருவானைக்காவல், கல்லணை. செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுவார்கள். எனக்கு அந்தச் சலுகையும் இல்லை.

வேலை பிடிக்காது என்று சொல்லமாட்டேன். பிடித்திருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது மலைக்கோட்டைப் படியில் எந்தத் திருப்பத்தில் எந்த வேடிக்கையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். சொல்கிறேன், சிரிக்கிறார்கள். வாய் பல்லவர் குகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும், மனசு புத்தூர் வீட்டில் ஊறப்போட்டுவிட்டு வந்த துணியில் இருக்கும். பாதிப் பேர் கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, "மேல இருக்கறதும் பிள்ளையார்தானே?" என்று கேட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். முன்பெல்லாம் அவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிவிடப் பார்ப்பேன். இப்போது, "ஆமாங்க, அவரேதான்" என்று சொல்லிவிடுகிறேன்.

டாக்டர்களின் கழுத்து அட்டையில் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் இருக்கும். கூட வந்தவர்களின் அட்டையில் 'அக்கம்பனியிங் பர்சன்' என்று மட்டும் இருக்கும். என் கையில் கொடுக்கிற பட்டியலும் அப்படித்தான். டாக்டரின் பெயர், அதற்குப் பக்கத்தில் 'கூட ஒருவர்'. இத்தனை வருஷத்தில் அதை ஒரு குறையாக நான் நினைத்ததில்லை. தலையை எண்ணினால் போதாதா, பெயர் எதற்கு? எண்ணிக்கை சரியாக இருந்தால் டிரைவரிடம், "போலாம் தம்பி" என்பேன்.

சமீபத்தில் நடந்த ஒரு மாநாட்டின் முதல் நாள் காலை, ஹோட்டல் வாசலுக்கு ஒரு டாக்டர் தன் மனைவியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேருக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். அந்த அம்மா நீலப் புடவை கட்டி, கொஞ்சம் மல்லிகை வைத்திருந்தார். டாக்டர் அவருடைய அட்டையை நேராக்கினார், தலைப்பை இழுத்துச் சரிசெய்தார், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து லேசாக மூடிக் கையில் கொடுத்தார்.

"கொஞ்சம் அமைதியான டைப்பும்மா. பக்கத்துலயே வச்சுக்கங்க" என்றார்.

"கவலைப்படாதீங்க சார். நீங்க போய் உங்க பேச்சைப் பாருங்க" என்றேன். அவர் ஏதோ பேசப் போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த அம்மாவுக்கு மறதி நோய். அதை அவர் சொல்லவில்லை, மத்தியானத்துக்குள் எனக்கே தெரிந்துவிட்டது. மலைக்கோட்டை அடிவாரத்தில், "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். இதே ஊர்தான் என்றேன். பத்து நிமிஷத்தில் மறுபடி கேட்டார். சாப்பாட்டு மேஜையில் மூன்றாவது முறை. புடவைக் கடையில் எடுத்துப்போட்ட புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தார், விற்கிற பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. அழகாகத்தான் மடித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்த மனுஷர் மேல். முப்பது பேரைக் கட்டி மேய்க்கிறவள் தலையில், ஒரு வார்த்தை சொல்லாமல் இப்படி ஒரு பொறுப்பைக் கட்டிவிட்டுப் போவாரா? முன்பின் தெரியாத ஊரில், கையில் போன்கூட இல்லாமல் இந்த அம்மா தொலைந்துபோனால் என்ன ஆகும்? மாநாட்டுப் பொறுப்பாளருக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அந்த அம்மாவைத் திரும்ப ஹோட்டலில் கொண்டுபோய் விடச் சொல்வார்கள், அதற்குள் ஸ்ரீரங்கத்தில் கூட்டம் ஏறிவிடும். இவ்வளவு நேரம் ஓட்டியாயிற்று, இன்னொரு மூன்று மணி நேரம்தானே என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு அவர் கையை நான் விடவில்லை. விடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுவது என் வழக்கம். "யாராவது பிரிஞ்சுட்டா பதறாதீங்க. ராஜகோபுரத்துக்குக் கீழ வந்து நில்லுங்க, அசையாதீங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்." ராஜகோபுரத்தை யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, பாதம் இரண்டும் வீங்கியிருந்தது, ஒரு சொல்லை மிச்சம் பிடித்தாலும் லாபம் என்கிற நிலைமை. "பிரிஞ்சுட்டா கோபுரத்துக்குக் கீழ நில்லுங்க" என்றேன். அவ்வளவுதான். இருபத்தொரு கோபுரம் இருக்கிற ஊரில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன்.

சேஷராயர் மண்டபத்தில் கல் குதிரைகளுக்கு முன்னால் எங்கள் பஸ்ஸில் வந்த வேறொரு அம்மா தன்னைப் படம் எடுக்கச் சொல்லி போனை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். ஒன்று எடுத்தேன். கண்ணை மூடிவிட்டாராம், இன்னொன்று எடுத்தேன். குதிரையின் தலை வரவில்லையாம், இன்னொன்று. திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நீலப் புடவை இல்லை.

எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். மற்றவர்களை மண்டபத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். கோயில் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லலாம் என்று அங்கிருந்த காவலரிடம் ஓடினேன்.

"அந்த அம்மா பேரு என்னங்க?" என்றார்.

பட்டியலை எடுத்தேன். டாக்டரின் பெயர், கூட ஒருவர். காவலர் என் முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். அந்த அம்மா என்னை எந்த ஊர் என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். நான் அவர் பெயரை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. "நீலப் புடவை, கழுத்துல அட்டை இருக்கும்" என்று சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

முதலில் ராஜகோபுரத்துக்கு ஓடினேன். என் தலைக்குள் அங்கேதான் வரச் சொல்லியிருந்தேன். கடைகளையும் வண்டிகளையும் தாண்டி அந்த வீங்கின காலோடு போய்ச் சேர்ந்து பார்த்தால், அங்கே இருந்தது எங்கள் பஸ் டிரைவர் மட்டும்தான். அப்போதுதான் இறங்கும்போது என்ன சொன்னேன் என்பது காதில் கேட்டது. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டேன். திரும்பி வந்து ரங்கா ரங்கா கோபுரத்தடியில் செருப்பு விடுகிறவர்கள் நடுவில் தேடினேன். நெற்றியில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர் என் தவிப்பைப் பார்த்து நின்றார்.

"யாரைத் தேடறேள்? வெள்ளை கோபுரத்தண்ட ஒரு அம்மா நின்னுண்டிருக்கா. கழுத்துல அட்டை தொங்கறது. உக்காருங்கோன்னு சொன்னேன், நிக்கச் சொல்லியிருக்காங்கன்னுட்டா. பெருமாள் தரிசனம் முடிச்சுண்டு வரேன், இன்னும் நின்னுண்டுதான் இருக்கா."

வெள்ளை கோபுரம், குதிரை மண்டபத்துக்குப் பக்கத்திலேயே இருப்பது. கூட்டத்திலிருந்து பிரிந்த ஒருவர் அண்ணாந்து பார்த்தால் முதலில் தெரிகிற கோபுரம். அதன் கீழே சுவரோரமாக நேராக நின்றுகொண்டிருந்தார். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"பிரிஞ்சுட்டா கோபுரத்துக்குக் கீழ நிக்கச் சொன்னீங்கல்ல? நின்னேம்மா" என்றார்.

நாள் முழுக்க எதுவுமே நிற்காத அந்தத் தலையில் நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் நின்றிருக்கிறது. எல்லாம் நினைவிருக்கிற நான்தான் ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். அவரை உட்காரவைத்துக் காலை அமுக்கிவிட்டேன். பெயர் என்ன என்று கேட்டேன். தயங்காமல் சொன்னார். பிறகு, "அவர் வந்துட்டாரா? பசி தாங்கமாட்டார்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் தெளிந்ததில் வந்த அழுகை பாதி, கோபம் பாதி.

அந்தக் கோபத்தை அப்படியே ஹோட்டல் வரை மடியில் கட்டிக்கொண்டு போனேன். வரவேற்பறையில் டாக்டர் காத்திருந்தார். அந்த அம்மாவைச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, அவரைத் தூணோரம் கூட்டிக்கொண்டு போய்க் கொட்டித் தீர்த்தேன்.

"நீங்க சொல்லியிருக்கணும் சார். ஒரு மணி நேரம் என் உயிர் என்கிட்ட இல்ல. படிச்சவங்க, டாக்டர், நீங்களே இப்படி மறைக்கலாமா?"

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கன்னத்தில் நாற்காலித் துணியின் வரி பதிந்திருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"சொல்லியிருந்தா ஏத்தியிருப்பீங்களாம்மா?" என்றார்.

ஏற்றியிருக்கமாட்டேன்.

"நான் எதுவும் பேசலம்மா. ரிடையராகிப் பத்து வருஷமாச்சு, என்னை யார் பேசக் கூப்பிடப் போறாங்க? கடைசி வரிசைல உட்கார்ந்து தூங்கினேன். ராத்திரில அவ எழுந்து கதவைத் திறந்துட்டுப் போயிடறா, நான் கண்ணை மூட முடியாது. ஆள் வச்சுப் பார்த்தேன், அவங்களைக் கண்டா பயந்து கத்தறா. பஸ்ஸுன்னா மட்டும் ஏறிடுவா. கூட்டத்தோட இருந்தா அவளுக்குப் பயமில்ல. அதனால எந்த ஊர் மாநாட்டுல கூட வர்றவங்களுக்கு டூர் இருக்குன்னு பார்த்து, அதுக்குப் பதிவு பண்ணிடுவேன். என்ன மாநாடுன்னுகூடப் பார்க்கறதில்ல. இது கண் டாக்டர்களோடது. நான் எலும்பு டாக்டர்."

இப்படியும் ஒரு ஊர் சுற்றலா என்று நின்றேன். இத்தனை வருஷம் என் பஸ்ஸில் ஏறினவர்கள் எல்லாம் கோயில் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். யாரை யார் எதற்காக ஏற்றிவிட்டுப் போனார்களோ. அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அது கொஞ்சம் இருந்தது. ஆனால் அதற்கு மேலே அந்த மனுஷரின் களைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் களைப்புக்கு முன்னால் என் கால்வலியெல்லாம் வாயைத் திறக்க முடியாது.

விஷயம் அதற்குள் மாநாட்டுப் பொறுப்பாளர் காதுக்குப் போயிருந்தது. போனில் கூப்பிட்டு, "நாளைக்கு அந்த அம்மாவ ஏத்தாதீங்க. கல்லணைல தண்ணி போகுது. ஏதாவது ஆனா உங்களுக்கு இனி இங்க வேலை இல்ல" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

டாக்டரிடம் அதைச் சொன்னேன். "நியாயம்தாம்மா" என்று உடனே ஒத்துக்கொண்டார். அட்டையைக் கழற்ற மனைவியின் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனார். அந்த அம்மா தர மறுத்து அட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது எனக்குப் புதிதா என்ன?

"நாளைக்கு நீங்களும் வாங்க சார்" என்றேன். "சொந்தக்காரர் கூட இருந்தா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. அரங்கத்துல தூங்கறதை பஸ்ல தூங்குங்க. அம்மா கையை நான் பிடிச்சுக்கறேன். படம் யாருக்கும் எடுக்க மாட்டேன்."

மறுநாள் அவர் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். திருவானைக்காவலில் நான் எழுப்பவில்லை. வாயைத் திறந்துகொண்டு, தலை ஜன்னலில் இடிக்க இடிக்க, அப்படி ஒரு தூக்கம். அந்த அம்மா முன் சீட்டில் என் பக்கத்தில் இருந்துகொண்டு, எந்த ஊர் என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

கல்லணையில் எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் இருவரும் கடைசியாக எழுந்தோம். அந்த அம்மா இறங்குகிற பக்கம் வராமல் திரும்பிப் பின்னால் நடந்தார். புருஷனை எழுப்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்று, தூங்குகிற முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வெயில் அந்த முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எட்டி ஜன்னல் திரையை இழுத்து மறைத்தார்.

"யாரும்மா இவர்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பாவம், எத்தனை நாள் தூக்கமோ. எழுப்பாதீங்க."

"எழுப்பலைங்க" என்றேன். டிரைவரிடம் ஏசியை அணைக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அந்த அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன்.