மரத்து உச்சியில் ஒத்தைத் தலைவலி

அன்று மலையாளத்துச் சித்தூரில், ஆஸ்பத்திரி அறையில் டாக்டரம்மா இருந்தார். சீட்டு வாங்கி வைக்கிற சிஸ்டர் இருந்தார். என் வீட்டுக்காரி இருந்தாள். தோப்புக்காரர் இருந்தார். நானும் இருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு.

தோப்புக்காரருக்கு அங்கே வேலை இல்லை. நான் அவர் தோப்பில் கள் இறக்குகிறவன், பன்னிரண்டு தென்னை. மாசத்தில் ரெண்டு மூணு நாள் ஒத்தைத் தலைவலி வந்து படுத்துவிடுவேன். பாளை சீவாமல் விட்டால் கள் நின்றுபோகும். எனக்குக் குடிதான் வியாதி என்று அவர் நினைத்தார். அதை டாக்டர் வாயால் கேட்க வந்திருந்தார்.

தினம் எவ்வளவு குடிப்பாய் என்று டாக்டரம்மா மலையாளத்தில் கேட்டார். குடிப்பதில்லை, கள் வாசமே எனக்கு ஆகாது என்றேன். சிஸ்டர் சிரித்தார்.

“ஏனுங்க டாக்டரம்மா, கள்ளெறக்கறவன் கள்ளையே தொடமாட்டானாமா. நம்பறீங்களா?” என்றார் தோப்புக்காரர்.

டாக்டரம்மா நம்பினார். வெயிலில் நிற்காதே, புளித்த வாசம் பிடிக்காதே, பசியோடு இருக்காதே என்றார். மூன்றையும் செய்துதான் நான் சோறு தின்கிறேன். ரெண்டு மாத்திரை எழுதினார். கண்ணில் ரம்பப்பல் மாதிரி வெளிச்சம் ஓடினால் வாந்தி மாத்திரை. தலை இடிக்கத் தொடங்கினதும் வலி மாத்திரை. தள்ளிப்போடக் கூடாது. கள்ளோடு சேர்க்கக் கூடாது. வெளிச்சம் தெரிகிற நேரம் மரம் ஏறவே கூடாது.

நான் தள்ளிப்போட்டேன். வலி மாத்திரை விலை அதிகம். நிஜமாக வலிக்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்று இருந்தேன். நிஜமாக வலித்தபோது போட்டேன். போட்ட மாத்திரை வாந்தியில் போய்விட்டது. தென்னை மரத்தடியில் குனிந்து வாந்தியெடுக்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் வேறு எதுவும் தோணாது. தோப்புக்காரர் பார்த்தார். இன்னொரு தடவை இந்தக் கோலத்தில் பார்த்தால் மரத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்றார்.

அடுத்த தடவை மரத்து உச்சியில் வந்தது. சீவிக்கொண்டே இருக்கிறேன், பாளையில் பாதியைக் காணோம். வெளிச்சம் மட்டும் ஓடுகிறது. மாத்திரை மடியில் இருந்தது. தண்ணீர் இல்லை. கைக்கெட்டுகிற தூரத்தில் கலயம் நிறையக் கள். வாந்தி மாத்திரையை வெறும் வாயில் மென்றேன். வேப்பெண்ணெய் தேவலாம். மரத்தைக் கட்டிக்கொண்டு, தடவித் தடவி இறங்கினேன். தரையில் கால் வைத்ததும் தலை இடித்தது. பம்ப் தண்ணீரில் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மோட்டார் ரூம் இருட்டில் படுத்தேன். வாந்தி வரவில்லை. தூங்கிப்போனேன்.

தோப்புக்காரர் வந்து எழுப்பினார். இறங்கும்போது வேட்டியெல்லாம் கள் சிந்தியிருந்தது. வாயை ஊதச் சொன்னார். ஊதினேன். இன்னொரு தடவை ஊதச் சொன்னார்.

“தலைவலி போயிருச்சுங்க. மாத்திரைக்குக் கேக்குதுங்க,” என்றேன்.

“மேல இருக்கறப்பவா வந்துது?”

“ஆமாங்க.”

மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“குடிச்சிருந்தா நாலு திட்டு திட்டித் தெளிய உட்டிருப்பேன். குடிக்காம வர்றதுக்கு நான் என்னப்பா பண்றது? நீ மரத்துலருந்து உளுந்து வெச்சீன்னா போலீஸு எங்கூட்டுக்குத்தான வரும்.”

நெட்டை மரங்களை அன்றே வேறு ஆளுக்கு விட்டார். அவன் தினம் குடிக்கிறவன், ஆனால் மரத்தில் தடுமாறினதே இல்லை என்றார். குட்டை மரங்கள் எனக்கு என்றார்.

பன்னிரண்டில் குட்டை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். நாலு.