கூப்பிட்டால் எடுப்பவர் எண்

எங்கள் அலுவலக விசிட்டிங் கார்டில் இனி யாருடைய எண்ணைப் போடுவது? பதில் சொல்லக்கூடியவர் வசந்தாமணி அக்கா ஒருவர்தான்.

சென்ற மாதம் ஒரு காலையில் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தன்னை ஆஸ்பத்திரியிலிருந்து எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று சொல்லப்போகிறார் என நினைத்து, "சொல்லுங்கக்கா" என்றேன். பேசியது அவர் கணவர். "அம்மணி, உங்கக்கா போயிட்டா" என்றார்.

அக்காவை அறிந்த உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்காது. காந்திபுரத்தில் ஒரு மாடியறையில் இருவரும் வடிவமைப்பு அலுவலகம் நடத்தினோம். ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவர் சில ஆண்டுகள் மூத்தவர். பட்டறைக்காரர்களுக்கும் நூல் வியாபாரிகளுக்கும் கார்டு, லேபிள் செய்து கொடுத்தோம். அவர் பேசுவார், நான் வரைவேன். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை நான் எடுப்பதில்லை. அதனால் எங்கள் கார்டில் அவர் எண் மட்டும்தான்.

ஒரு முறை பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்தார்கள். மோட்டார் உதிரிபாகப் பட்டறை வைத்திருந்தார்கள். மூவர் பெயரும், ஆளுக்கு இரண்டு எண்ணும், குலதெய்வப் படமும், காலமான அப்பாவின் படமும், பட்டறையில் செய்யும் அத்தனை பொருள்களும் ஒரே கார்டில் வர வேண்டும் என்றார்கள். வரைந்து காட்டினேன். கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர்கள் வரும் பக்கம் போல இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

அக்கா கேட்டார்: "ஏனுங்க, போன் அடிச்சா மூணு பேர்ல ஆருங்க எடுப்பீங்க?"

மூத்தவர் இரண்டாமவரைப் பார்த்தார். இரண்டாமவர் சுவரைப் பார்த்தார்.

"நாந்தானுங்க" என்றார் கடைசித் தம்பி. "பெரியண்ணனுக்கு லேத்துச் சத்தத்துல கேக்காது. சின்னண்ணன் போனை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துருவாரு."

"அப்பறம் அவங்க நம்பர் எதுக்குங்க? பேரு மூணும் இருக்கட்டும். நம்பர் ஒண்ணு போதும்."

"அண்ணன் நம்பர் இல்லீனா மருவாதியா இருக்காதுங்களே."

"மருவாதிய ஊட்டுல குடுத்துக்குங்க. வாங்கறவங்களுக்கு எடுக்கற நம்பரக் குடுங்க."

முதலில் சிரித்தவர் மூத்தவர்தான். அப்பா படத்தை மட்டும் எடுக்கவே கூடாது என்றார். அதை அக்காவும் எடுக்கச் சொல்லவில்லை.

எப்போதும் அவர் வென்றார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பெருந்துறையிலிருந்து வந்த துணி ஏற்றுமதிக்காரர் ஒருவர், இரு பக்கமும் பளபளக்கும் கறுப்பில் தங்க எழுத்து கேட்டார். மாதிரியும் கொண்டுவந்திருந்தார். அக்கா அதைத் திருப்பி வைத்து ஒரு பால்பாயின்ட் பேனாவை நீட்டினார். "இதுல 'திங்கக்கெழம வாரேன்'னு எழுதுங்க பார்க்கலாம்."

பேனா வழுக்கியது. எழுதியதும் தெரியவில்லை.

"கார்டு குடுக்கறவங்களுக்கு இல்லீங்க, வாங்கறவங்களுக்கு. பேசினத எழுதி வெக்க அவங்களுக்குப் பின்னால எடம் உடோணும். வெள்ளையா, வழுக்காம."

ஏற்றுமதிக்காரர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார். வேறிடத்தில் அதே கறுப்புக் கார்டை அடித்துக்கொண்டார்.

எனக்கே இதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. எல்லாம் போனிலேயே அனுப்பிக்கொள்கிறார்கள், இந்த அட்டைகள் பர்ஸில் கசங்கிக் குப்பைக்குத்தானே போகின்றன என்று ஒருநாள் சொன்னேன். "போகட்டும் அம்மணி. போறதுக்குள்ள ஒருக்கா கூப்புடுவாங்கல்ல" என்றார். அது பதிலா என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை.

கடைசி வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் தாராபுரத்துக் கொப்பரை வியாபாரி. கார்டில் எழுத்து இன்னும் பெரிதாக வேண்டுமாம். கண்ணாடி போடாமல் படிக்க முடியவில்லையாம். மூச்சு வாங்க வாங்க, "பண்ணிரலாமுங்க" என்றார். நான் போனை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"எடுக்கலீனா நம்பர் போட்டிருக்கக் கூடாது அம்மணி."

அதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது. அதற்குப் பிறகு தூங்கிவிட்டார்.

இப்போது தினமும் அறையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கொப்பரைக் கார்டு திரையில் அப்படியே நிற்கிறது. எழுத்தைப் பெரிதாக்க ஒரு நிமிடம் போதும், ஆக்கவில்லை. காலம் ஆற்றும் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குரலுக்காக வந்தவர்கள். அது இல்லாமல் இந்த அலுவலகம் நடக்காது என்பதே என் கணிப்பு. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கேள்வி: போன் அடித்தால் யார் எடுப்பது?

இதோடு எழுதி முடித்துவிட்டேன். மறுநாள் நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

காலையில் அக்காவின் கணவர் மாடியேறி வந்து, அக்காவின் போனை என் மேசைமேல் வைத்தார். "இந்த நம்பரை நிறுத்தப்போறேன் அம்மணி. அடிக்கறப்பல்லாம் அவ எடுப்பான்னு பாத்துட்டே உக்காந்திருக்கறேன். முடியலீங்க." டீ வேண்டாமென்று இறங்கிப் போய்விட்டார்.

சற்று நேரத்தில் அது அடித்தது. அடித்து நின்றது. மறுபடி அடித்தபோது எடுத்தேன். தாராபுரத்துக்காரர்.

"அக்கா இல்லீங்களா?"

சொன்னேன். "நல்லாப் பேசுனாங்களேங்க" என்றார். தயங்கித் தயங்கி, "தப்பா நெனச்சுக்காதீங்க. இனி ஆருக்குங்க கூப்படறது?" என்று கேட்டார்.

என் எண்ணைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லச் சொன்னார். அக்கா கொடுத்த எங்கள் கார்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்கிறாராம்.

"முன்னால இருக்கற அக்கா நம்பர் மேல கோடு போட்டறட்டுங்களா?"

"போட்டுருங்க" என்றேன். "அதை எடுக்க இனி ஆளில்லீங்க."