வாழ்த்துப் பதாகையில் கிடைத்த பட்டம்

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை சோதனையில் தேறிவிட்டால், முடிவு வந்த கையோடு சந்தியில் பதாகை கட்டிவிடுவார்கள். கோப்பாயில் இது கோயில் கொடியேற்றம் போல ஒரு கடமை. எங்கள் ஊர் டொக்டர் ஒருவர் சத்திரசிகிச்சை மேற்படிப்புச் சோதனையில் தேறியபோதும் கட்டினார்கள். "எங்கள் மண்ணின் சத்திரசிகிச்சை நிபுணர்" என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

சோதனையில் தேறினால் மட்டும் யாரும் நிபுணர் ஆகிவிடுவதில்லை. அதன் பிறகு மூத்த நிபுணர்களின் கண் முன்னால் வேலை செய்ய வேண்டும், வெளிநாட்டில் பயிற்சி எடுக்க வேண்டும், கடைசியில் சபை கூடி உறுதிப்படுத்த வேண்டும். இவர் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். ஊர் ஆசையில் கொடுத்த பட்டத்தை அப்படியே ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் பெயர்ப்பலகையாக மாட்டிக்கொண்டார். மாட்டியவருக்கும் வெட்கமில்லை, மாட்டவிட்டவர்களுக்கும் வெட்கமில்லை.

அந்தப் பலகையை நம்பித்தான் என் தங்கை கழுத்துக் கட்டியை எடுக்கப் போனாள். அவள் சின்ன வகுப்பு ரீச்சர். சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தவளின் வாயிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

"வீக்கம் வடிஞ்சால் குரல் வரும்" என்றார் டொக்டர்.

வீக்கம் வடிந்தது, குரல் வரவில்லை. கொழும்புக்குக் கூட்டிப்போனேன். குரலுக்குப் போகிற நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். நிபுணர்களின் பதிவில் அவருடைய பெயரே இல்லை என்பதையும் அங்கேதான் சொன்னார்கள். நல்ல கையிலும் நரம்பு அறுபடலாமாம். இருக்கட்டும். இல்லாத தகுதியைச் சொல்லி என் தங்கையின் கழுத்தில் கத்தி வைக்க இவர் யார்? இப்போது நினைத்தாலும் பத்திக்கொண்டு வருகிறது. பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் இருத்தினார்கள். அங்கே சத்தம் தேவையில்லையாம்!

வைத்தியர்களை விசாரிக்கும் சபைக்கு முறைப்பாடு அனுப்பினோம். அது ஊருக்குள் கசிந்ததும் கோயில் தலைவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஊரிலை இருந்து படிச்சு வந்த பெடியன். அவனைக் காட்டிக் குடுத்தால் எங்களுக்கெல்லோ மானக்கேடு. ஆனைக்கும் அடி சறுக்கும், பிள்ளை."

"ஓம், சறுக்கினது ஆனைக்கு. நசிஞ்சது என்ரை தங்கச்சி."

"உமக்குக் கோவம் கூடிப்போச்சு" என்றவர், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்கள் வீட்டு ஒழுங்கையில் பாதிப்பேர் எங்களோடு கதைப்பதில்லை. தங்கையின் குரல் போனபோது வராத ரோசம், டொக்டரின் பெயர் கெடும் என்றதும் எல்லோருக்கும் வந்துவிட்டது.

விசாரணைக்குக் கொழும்பு போனோம். நீண்ட மேசைக்கு அப்பால் டொக்டர்கள், நடுவில் மொழிபெயர்ப்பாளர். எங்களுக்கு எதிரே எங்கள் ஊர் டொக்டர், பக்கத்தில் அவருடைய சட்டத்தரணி. தங்கை எழுந்து நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். தலைமை வகித்தவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார்.

"கொஞ்சம் சத்தமாக் கதைக்கட்டாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அவள் மறுபடியும் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது, சத்தம் வரவில்லை.

"ஒண்டும் விளங்கேல்லையாம். சத்தமாக் கதைக்கட்டாம்."

நான் எழுந்து மேசையில் அடித்தேன். "அவளுக்குச் சத்தம் வருமெண்டால் நாங்கள் ஏன் ஐயா இஞ்சை வாறம்?"

ஒழுங்கு தெரியாதவள் என்று என்னைத்தான் வெளியே போகச் சொன்னார்கள். டொக்டர் தன் கதிரையிலேயே இருந்தார்.