தண்ணீர் மட்டம்

முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தவர் ஓய்வு பெற்றதும் சும்மா இருந்திருந்தால், தெருக்காரர்கள் அவரை ‘நீராவி’ என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். வீட்டு நிலைமைதான் சும்மா இருக்க விடவில்லை. மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. கரண்டோ தினமும் காலை பத்து மணிக்குப் போனால் மூன்றுக்குத்தான் வரும். பேட்டரி இரண்டு மணி நேரத்தில் கைவிரித்துவிடும். ஜெனரேட்டருக்கு டீசல் கண்ணில் படுவதே இல்லை. ஆபத்துக்கு ஒரே ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது.

“விறகு இருக்கு, தண்ணி இருக்கு, எனக்குத் தொழில் தெரியும். வேற என்ன வேணும்?” என்றார்.

“கொஞ்சம் மூளை வேணும் மச்சான்,” என்றான் மனைவியின் தம்பி. தச்சுப் பட்டறைக்காரன். வாய்தான் அப்படி; கழிவுக் கட்டைகளை மூட்டை மூட்டையாக அனுப்பிவைத்தவனும் அவனேதான்.

நான்கு மாதம் கொல்லைப்புறத்தில் மனிதர் மல்லுக்கட்டினார். சலவைக்கூடம் கழித்துக்கட்டிய சின்ன பாய்லர், கைக்கு அடக்கமான ஒரு நீராவி இன்ஜின், லாரியிலிருந்து கழற்றிய டைனமோ. புகை அவளை அண்டாதபடி கூரைக்கு மேலே புகைபோக்கி. எல்லாம் சரி. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் உடைந்திருந்தது; அதை மாற்றாமல் துளைகளை அடைத்துவிட்டார். அங்கேதான் மனிதரின் தலைக்கனம் வேலை செய்தது.

“கண்ணாடியைப் பாத்து வேலை செய்யறது புதுசா வந்தவன். நான் தட்டிப் பாத்தே சொல்லுவேன்.”

பாய்லர் அறையில் பழகிய கைகளுக்கு அது ஒரு பெருமை. ஸ்பேனரால் தட்டினால், தண்ணீர் இருக்கும் இடம் மந்தமாகக் கேட்கும். இல்லாத இடம் கணீரென்று கேட்கும்.

முதல் நாள் பேட்டரி தீருவதற்குள் இன்ஜின் சுழன்றது. உள்ளே மெஷின் நிற்காமல் ஓடியது. நீராவிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஒரு மணிக்குப் பாய்லரைத் தட்டினார்: மந்தம். தண்ணீர் இருக்கிறது என்று இன்னும் நான்கு கட்டையைக் கையில் எடுத்தார்.

படுக்கையில் இருந்தவளுக்கு அந்தச் சத்தம் கணீரென்று கேட்டது. அவர் சொல்லிச் சொல்லி அந்தக் கணக்கு அவளுக்கும் அத்துப்படி.

“போடாதீங்க!” என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை. மறுபடியும் கத்தினாள். பிறகு மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு வந்து அவர் கையைப் பற்றினாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. “காலி... பாய்லர் காலி.”

அவர் கட்டைகளைக் கீழே போட்டார். சூடேறிய வெற்றுப் பாய்லரில் பச்சைத் தண்ணீர் விட்டால் வெடிக்கும் என்று தெரிந்தவர், தண்ணீர் ஏற்றும் பம்பைத் தொடவில்லை. நெருப்பை வாரி வெளியே கொட்டினார். அவளைத் தூக்கிப்போய் படுக்கவைத்துச் சிலிண்டரைத் திறந்தார். மூன்று மணிவரை அதன் முள் இறங்குவதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“காது போயிடுச்சும்மா,” என்றார் கடைசியில். “எல்லாமே எனக்கு மந்தமாத்தான் கேக்குது. சொன்னா பாய்லர் பக்கமே விடமாட்டாங்கன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”

“எனக்குச் சொல்லணுமா? ஆறு வருஷமா உங்க வலது பக்கம் வந்துதானே பேசறேன்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “கண்ணாடியை மாட்டுங்க. மாட்டிட்டு நாளைக்கே ஓட்டுங்க.”

“பயமா இல்லையா?”

“இருக்கு. ஓட்டுங்க.”

மறுநாள் காலை கடைகடையாக அலைந்து கண்ணாடிக் குழாய் வாங்கி மாட்டினார். பன்னிரண்டு மணிக்கு இன்ஜின் கிளம்பியது. கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். மெஷின் ஓடுகிறதா என்று காதால் அவருக்குத் தெரியவில்லை. அவள் அவர் கையை எடுத்துத் தன் விலாவின் மேல் வைத்தாள். அது ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.